பயிர்த்தொழிலில் மாதர் உழைப்பும் அதன் விளைவும்

வடபழனி முருகன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் இன்று ஒரு நாற்றங்கால்கூடக் கிடையாது. செங்கற்பட்டு ஜில்லாவின் சைதாப்பேட்டைப் பக்கத்துக் கிராமமாயிருந்த இவ்வூரில், 1948-ஆம் வருஷம் ஏ.வி.எம். ஸ்டூடியோ வந்து அமர்ந்தது. பின்னர் வீடுகளும் கடைகளும் பெருகி, ஊர் முழுவதும் பட்டணத்தோடு கலந்துவிட்டது. ஆயினும் பயிர்த்தொழிலுக்கும் இவ்வூருக்கும் உள்ள சம்பந்தம் அற்றுப்போய்விடவில்லை. 1996-ஆம் வருஷம் திறக்கப்பட்ட கோயம்பேடு மொத்த வியாபாரச் சந்தை இதன் அண்டையிலேயே இருக்கிறது. செங்கற்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களின் கீரைக்கட்டுகளும் பூக்கூடைகளும் பொழுது விடியுமுன் அங்கே வந்து இறங்குகின்றன. கோயில் வாசலில் விற்கும் மல்லிகைச் சரத்தில் மொட்டைப் பறித்த கை, தொடுத்த கை, விற்கும் கை ஆகிய மூன்றும் பெரும்பாலும் பெண்களுடைய கைகளே. பறிப்பவளுக்கு நிறுத்துப் பார்த்துக் கூலி கொடுப்பார்கள். செடிக்குக் கடன் வாங்கியவர், தரகு மண்டியில் கணக்குத் தீர்ப்பவர், பட்டாவில் பெயர் உள்ளவர் ஆகியோரைத் தேடினால், அநேகமாக ஓர் ஆண்மகனே எதிர்ப்படுவார்.

பயிர்த்தொழிலில் ஈடுபட்ட மாதருடைய உழைப்பின் பயனை எவ்வாறு பெருக்கலாம் என்ற கேள்வி, பல தேசங்களிலும் இப்போது ஆராயப்பட்டு வருகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2011-ஆம் வருஷம் வெளியிட்ட அறிக்கை இதைப் பற்றியதே. ஆண்களுக்குக் கிடைக்கும் நிலம், விதை, உரம், கடன், கருவி, யோசனை ஆகியவை அதே அளவில் பெண்களுக்கும் கிடைக்குமாயின், அவர்கள் சாகுபடி செய்யும் நிலங்களில் மகசூல் நூற்றுக்கு 20 முதல் 30 வரை கூடும் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. வளரும் நாடுகளின் மொத்த விளைவு அதனால் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு வரை பெருகும் என்றும், உலகில் பசித்திருப்போரில் 10 கோடி முதல் 15 கோடிப் பேர் வரை குறையலாம் என்றும் கணக்கிட்டது. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், பெண்கள் சோம்பலாயிருக்கிறார்கள் என்றோ, அறிவிற் குறைந்தவர்கள் என்றோ அறிக்கை எவ்விடத்தும் சொல்லவில்லை. குறைவெல்லாம் அவர்கள் கைக்கு வந்து சேராத சாதனங்களில்தான் இருக்கிறது.

நமது தேசத்தில் நிலைமை எவ்வாறிருக்கிறது என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 24 பேர் சொந்தத்திலோ குத்தகையிலோ பயிரிடுகிறவர்கள். நூற்றுக்கு 41 பேர் விவசாயக் கூலிகள். 2015-16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, சாகுபடிப் பண்ணைகளில் பெண்களின் பொறுப்பிலுள்ளவை நூற்றுக்கு ஏறக்குறைய 14 மாத்திரமே. வயலில் நிற்பவர்கள் அநேகர். வயலுக்குப் பொறுப்பாளர் என எழுதப்பட்டவர் சிலர்.

இந்த வித்தியாசம் நேற்று உண்டானதல்ல. வடபழனியிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள சைதாப்பேட்டையில், சர் வில்லியம் டெனிஸன் சென்னைக் கவர்னராயிருந்த காலத்தில், 1860-க்குப் பிந்திய வருஷங்களில் சர்க்கார் மாதிரிப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. சீமையிலிருந்து நீராவிக் கலப்பைகள், பரம்புகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் யந்திரங்கள் முதலியன தருவிக்கப்பட்டன. அதையொட்டி ஏற்பட்ட விவசாயப் பாடசாலை 1906-ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, பிற்காலத்தில் விவசாயக் கல்லூரியாகவும் சர்வகலாசாலையாகவும் வளர்ந்தது. அந்நாளைய சீர்திருத்தக்காரர்களின் கண்ணுக்கு முதலிற் பட்டது கலப்பை. கலப்பை ஆணின் கருவி. நடவும் களையெடுப்பும் வெறுங்கையால் நடந்துவந்த வேலைகளாதலால், அங்கே சீர்திருத்துவதற்கு ஒரு கருவி இருப்பதாகவே எவருக்கும் தோன்றவில்லை போலும். நூறு வருஷத்துக்கு மேலாகியும், நெல் வயலில் முதுகு வளைந்து செய்யும் வேலைகளில் மிகுதியும் பெண்களிடமே இருந்துவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

யோசனை சொல்லும் முறையிலும் இவ்வாறே நடந்தது. 1980-க்குப் பிந்திய வருஷங்களில் உலக பாங்கின் உதவியோடு நடந்த பயிற்சியும் பார்வையிடலும் என்ற முறையில், விவசாய இலாகா உத்தியோகஸ்தர் குறித்த நாளில் கிராமத்துக்கு வந்து, தேர்ந்தெடுத்த குடியானவர்களிடம் பருவத்துக்கேற்ற யோசனைகளைச் சொல்வார். அக்குடியானவர் ஊராருக்குச் சொல்லவேண்டும். வந்தவரும் ஆண், கேட்டவரும் ஆண். விதையைப் பொறுக்கி உலர்த்திக் குதிரில் வைத்துக் காப்பவள் வீட்டுக்குள்ளே இருந்தாள். கணவன் கேட்டு வந்ததை அவளிடம் எவ்வளவு சொன்னான் என்பதை எந்தப் பதிவேட்டிலும் காணமுடியாது.

இந்தக் குறையை நேராக எதிர்த்துச் செய்யப்பட்ட பெரிய முயற்சி, டென்மார்க் தேசத்து உதவியோடு 1986-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் விவசாயப் பயிற்சித் திட்டமாகும். இலாகா வட்டாரத்தில் இது தான்வா என்ற சுருக்கப் பெயரால் வழங்கிற்று. முதலில் சில ஜில்லாக்களில் நடந்து, 1993 முதல் மற்ற ஜில்லாக்களுக்கும் விரிந்து, 2003 வரையில் நடைபெற்றது. இதன் அமைப்பில் விசேஷமான அம்சங்கள் சில உண்டு. பயிற்சி தரும் உத்தியோகஸ்தர்கள் விவசாயப் படிப்புத் தேறிய பெண்கள். பயிற்சி பெறுவோர் சிறு குடியானவர், குறு குடியானவர் வீட்டு மாதர்கள். பயிற்சி நடந்த இடம் ஜில்லாத் தலைநகரமல்ல, அவரவர் கிராமமே. சில நாட்களில் முடியும் சுருக்கமான பயிற்சி. சொற்பொழிவைவிடக் கைப்பழக்கத்துக்கே அதில் முதலிடம். பயிற்சி பெற்றவள் தன் அயலிலுள்ள மற்றப் பெண்களுக்கு அதை எடுத்துச் சொல்வதும் திட்டத்தின் பாகமாகவே வகுக்கப்பட்டிருந்தது.

கிராமத்திலேயே பயிற்சி என்பது சிறிய விஷயம்போலத் தோன்றலாம். ஆடுமாட்டுக்குத் தீனி வைத்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, இரு வேளைச் சமையலையும் முடிக்கவேண்டியவள், பஸ் ஏறிப் பயிற்சி நிலையத்துக்கு வந்து இரவு தங்கிப் படிப்பாள் என எதிர்பார்த்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து திட்டம் எழுதியவர்களாகவே இருக்கவேண்டும். வீட்டுக்கு அருகில், வேலை குறைந்த பருவத்தில், தன்னைப்போன்ற ஒரு பெண் கற்பித்ததால்தான் வந்தார்கள், கேள்வியும் கேட்டார்கள்.

இவ்விதப் பயிற்சிகளில் கற்பிக்கத்தக்கவை பெரும்பாலும் பணச் செலவில்லாதவை. உதாரணமாக விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லலாம். ஒரு பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதில் புதிதாய் இட்ட கோழிமுட்டை ஒன்றைப் போட்டால் அது அடியில் கிடக்கும். சமையல் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர, சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு கரைந்தபின், முட்டை மேலே எழும்பி, அதன் ஓடு ஒரு நாணய அகலத்துக்கு வெளியே தெரியும். இதுதான் பதம். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டிக் கலக்கினால் சாவியும் அரைமணியும் மிதக்கும். அவற்றை நீக்கி, அடியில் தங்கிய கனத்த மணிகளை மாத்திரம் எடுத்து, உப்பு நீங்கும்படி இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிவிடவேண்டும். கழுவாமல் விட்டால் முளைப்பு கெடும். கனத்த விதையின் நாற்று திடமாயும் ஒரே உயரமாயும் வளர்வதால், வயலில் பயிர் ஒன்றுபோல் நிற்கும். மிதந்த நெல் வீணல்ல. கழுவி உலர்த்திக் கோழிக்குப் போடலாம். உப்பும் முட்டையும் அடுக்களைப் பொருள்கள். பதம் பார்ப்பதும் அடுக்களைப் பழக்கமே. ஆகவே இம்முறையை ஆண்களைவிடப் பெண்கள் விரைவிற் பற்றிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று இலைவண்ண அட்டை. பயிருக்கு யூரியா எப்போது தேவை என்பதை இலையின் பச்சை நிறமே சொல்லும். வெளிறிய பச்சை முதல் கரும்பச்சை வரையில் வரிசையாகத் தீட்டிய பட்டைகளையுடைய சிறிய அட்டை இதற்கென்று செய்யப்பட்டிருக்கிறது. நட்ட பதினான்காம் நாள் தொடங்கி வாரத்துக்கொரு முறை, காலை நேரத்தில், வயலில் அங்குமிங்குமாகப் பத்துச் செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மேலே முழுதும் விரிந்த இலையை அட்டையின்மேல் வைத்து ஒப்பிடவேண்டும். வெயில் நேராக இலையிற் படாதவாறு உடம்பின் நிழலில் வைத்துப் பார்ப்பது அவசியம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறமும், மற்ற ரகங்களுக்கு நான்காம் நிறமும் எல்லை. பத்து இலைகளில் ஆறுக்கு மேற்பட்டவை எல்லையைவிட வெளிறியிருந்தால் உரம் இடலாம். இல்லையேல் அந்த வாரம் இடவேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளும் இதைச் செய்யலாம். இதனால் உரச்செலவு குறைவதோடு, மிதமிஞ்சிய தழைச்சத்தால் பயிர் சாய்வதும் பூச்சி சேர்வதும் குறையும். களை பறிக்க எப்படியும் வயலில் இறங்குகிறவள், அதே நடையில் இலையையும் பார்த்து வந்துவிடலாம். ஆனால் அவள் பார்த்துச் சொன்னபடி உரத்தை நிறுத்தவோ இடவோ வீட்டில் சம்மதிக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பயிற்சி பெற்ற பெண் ஒருத்தியின் சொல்லுக்கு மதிப்பு ஏறுவது ஒரு போகத்தில் நடந்துவிடுகிற காரியமல்ல. பக்கத்து வயலைவிடத் தன் வயலில் பயிர் நன்றாய் நின்றபின்னரே நடக்கும்.

தான்வாத் திட்டத்தின் எல்லையையும் சொல்லவேண்டும். அது நிலமுள்ள குடும்பங்களின் மாதரையே முக்கியமாகக் கருதி ஏற்பட்டது. நிலமற்ற கூலிப் பெண்களுக்கு விதைத்தேர்வு முறையால் என்ன பயன்? பிறர் வயலில் மகசூல் கூடினால் அவர்களுடைய கூலி தானாகக் கூடிவிடுவதில்லை. சில சமயங்களில் எதிரிடையான பலனும் உண்டாகிறது. இதற்குத் தக்க உதாரணம் ஒற்றை நாற்று நடவு.

மடகாஸ்கர் தீவில் ஆன்ரி தெ லொலானியே என்ற பாதிரியார் 1980-க்குப் பிந்திய வருஷங்களில் கண்டு வகுத்த முறை இது. வழக்கமான நடவில் ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை செலவாகுமிடத்து, இதற்கு 2 அல்லது 3 கிலோ போதும். பதினான்கு நாள் வயதுள்ள இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, இருபுறமும் இருபத்திரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடவேண்டும். தண்ணீரைத் தேக்காமல் மண் நனையும் அளவாகக் கட்டவேண்டும். பத்து நாளைக்கு ஒரு முறை கோனோ வீடர் என்னும் உருளைக் களைக்கருவியை வரிசைகளுக்கிடையில் நெட்டிலும் குறுக்கிலும் தள்ளினால், களை சேற்றில் அமுங்கி எருவாகிவிடும். வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையார் இதை ஆராய்ந்து, 2003-04-ஆம் வருஷத்தில் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் குடியானவர்களின் வயல்களிலேயே பரீட்சை செய்து பார்த்தனர். மகசூல் உயர்ந்தது, விதையும் தண்ணீரும் மிச்சமாயின.

உழைப்புக் கணக்கையும் அவர்கள் எடுத்தார்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது. பெண்களின் வேலைநாட்கள் குறைந்தன. ஆண்களின் வேலைநாட்கள் கூடின. கையால் களை பறித்தவரையில் அது பெண்கள் வேலை. ஒரு கருவி வந்தவுடனே அது ஆண்கள் வேலையாயிற்று. கூலியும் ஆண் கூலியாயிற்று. முதுகு வளையாமல் நின்றபடி செய்யத்தக்கதும், நோவு குறைந்ததும், கூலி கூடியதுமான வேலை எவளுடைய முதுகுக்காக வந்திருக்கவேண்டுமோ அவளைத் தாண்டிச் சென்றுவிட்டது. முதுகுவலி தீர்ந்ததென்று மகிழலாமே என்பாரும் உண்டு. முதுகுவலியோடு அரிசிப்பானையும் சேர்ந்து குறைந்தால் மகிழ்வது எப்படி?

கருவி கனமானது, சேற்றில் தள்ளப் பெண்களால் இயலாது என்று சொல்வது வழக்கம். தலையில் நாற்றுமுடியும் நெற்கட்டும் சுமப்பவர்களைப் பற்றி இவ்வாறு சொல்வது விந்தையே. எனினும் கருவியின் கைப்பிடி உயரமும் பிடியின் பருமனும் ஆணின் உடம்பை அளவாகக் கொண்டே செய்யப்பட்டு வந்தன என்பது மெய். பெண்களின் உடலளவுக்கேற்ற கருவிகளை ஆராய்ந்து செய்வதற்கென்று, இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தார் 1996-ஆம் வருஷம் புவனேசுவரத்தில் தனி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினர். சைதாப்பேட்டைப் பண்ணைக்குப்பின் ஏறக்குறைய 130 வருஷம் கழித்து இது நடந்தது. அளவு பொருந்திய களைக்கருவி பெண்கள் கையிலேயே இருந்து, நான்கைந்து பேர் சேர்ந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டால், நாள் குறைந்தாலும் வருமானம் குறையவேண்டியதில்லை. டிராக்டரையும் தெளிப்பானையும் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கம், சில களைக்கருவிகளையும் வாங்கி வைத்து, அவற்றை முதலில் பெண்கள் குழுவுக்கு வாடகைக்குக் கொடுப்பதென்று தீர்மானம் செய்துகொள்ளலாம். இதற்குச் செலவு அதிகமில்லை. கருவி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கூலி பேசும் உரிமை வருகிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-ஆம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டது. வேலைகளையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துப் பெயரிட்டுவிட்ட கிராமத்தில் அச்சட்டம் நுழைய வாசல் இல்லாமற் போயிற்று.

இனி, கடன். கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்போர் சிட்டாவும் அடங்கலும் கொண்டுவரவேண்டும். சிட்டா என்பது பட்டாதாரின் பெயரையும் நில விஸ்தீரணத்தையும் காட்டும் கணக்கு. அடங்கல் என்பது எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறதென்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. தமிழ்நாட்டில் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை. இவ்வளவு அரிய சகாயத்தைப் பெற முதல் தகுதி பட்டா. கணவன் பட்டணத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்க, மனைவியே உழவு பேசி, நடவு நட்டு, தண்ணீர் பாய்ச்சி, அறுப்பும் செய்யும் குடும்பங்கள் இன்று எத்தனையோ உண்டு. பட்டா மாமனார் பெயரில் இருக்கும். சில இடங்களில் அவர் காலமாகிப் பல வருஷமாகியும் பெயர் மாறாமலே இருக்கும். அவள் சங்கத்தின் படியேறினால், வீட்டுக்காரரை வரச்சொல் என்பதே பதில். கடைசியில் அவள் தன் கழுத்திலுள்ளதை அடகு வைத்து நகைக்கடன் வாங்குகிறாள். நகைக்கு மதிப்புண்டு, அவள் செய்யும் சாகுபடிக்கு இல்லை.

இது கூட்டுறவுக் கொள்கைக்கு ஒத்ததா என்று ஆதியிலிருந்து பார்த்தால் விளங்கும். சர் பிரெடரிக் நிக்கல்ஸன் சென்னை சர்க்காருக்காக ஐரோப்பிய நில பாங்குகளையும் விவசாய பாங்குகளையும் ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் ஏற்படுத்திய கிராமச் சங்கங்களே அவர் மனத்தைக் கவர்ந்தன. அச்சங்கங்களில் பிரதான ஜாமீன் நிலமல்ல. அங்கத்தினர் ஒருவரையொருவர் அறிந்திருத்தலும், ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்றலும், கடன் வாங்குவோனின் நாணயமுமே. 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் அதே வருஷத்தில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் ரிஜிஸ்தர் ஆயிற்று. சங்கத்துக்கு நாணயச் சங்கம் என்று தமிழிற் பெயர் வழங்கியதே பொருத்தமானது. நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுக்க லேவாதேவிக்காரனே போதும். மனிதரைப் பார்த்துக் கடன் கொடுக்கவே சங்கம் வேண்டியிருந்தது. பட்டா இல்லை என்று சாகுபடிக்காரியைத் திருப்பியனுப்பும் சங்கம், தான் பிறந்த காரணத்தை மறந்துவிட்டதென்று சொல்வது மிகையாகாது.

பட்டாவே பெண் பெயருக்கு வருவதற்கும் வழிகள் ஏற்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தமும், தேச முழுமைக்கும் 2005-ஆம் வருஷத்துத் திருத்தமும், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபாகம் தந்தன. சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வழக்கம் சட்டத்தைவிட வலுவாயிருக்கிறது. பிறந்த வீட்டு வாசலை இழக்க விரும்பாமல் கையெழுத்திடுகிறார்கள். நிலமற்றோர் விஷயத்தில், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார் 1981-ஆம் வருஷம் தொடங்கிய லாப்டி என்னும் இயக்கம் நாகப்பட்டினம் பகுதியில் செய்த வேலை எடுத்துச்சொல்லத் தக்கது. 1968-ல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமைக்குப்பின் அப்பகுதியில் தங்கி உழைத்தவர் அவர். மிராசுதார்களிடம் நியாய விலைக்கு நிலத்தை வாங்கி, பாங்குக் கடனும் சர்க்கார் உதவியும் தேடி, கூலிக் குடும்பங்களுக்குப் பங்கிட்டபோது, பெண்கள் பெயரிலேயே ரிஜிஸ்தர் செய்வித்தார். ஆண் பெயரில் எழுதினால் சாராயத்துக்கும் கடனுக்கும் நிலம் போய்விடக்கூடும் என்பது அப்பகுதியைப் பார்த்தவர்களுக்குப் புரியாததல்ல. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி மாதர் விவசாய நிலம் வாங்க, விலையில் பாதியை, 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாகக் கொடுக்கும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் கொண்டுவந்தனர்.

ஆனால் எல்லோருக்கும் நிலம் வாங்கித் தருவது ஒரு தலைமுறையில் ஆகிற காரியமல்ல. அதுவரையில் குத்தகை நிலமே கதி. கேரளத்தில் 1998-ஆம் வருஷம் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில், அண்டை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் முதல் பத்துப் பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, தரிசு நிலத்தையும் பிறர் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து, நெல்லும் வாழையும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். வேலையையும் செலவையும் வரவையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பீனா அகர்வால் என்ற பொருளாதார நிபுணர், ஆலப்புழை, திருச்சூர் ஜில்லாக்களில் 2012-13-ஆம் வருஷத்துச் சாகுபடியை ஆராய்ந்து, இப்பெண்கள் குழுக்களின் பண்ணைகளைத் தனித்தனிக் குடும்பப் பண்ணைகளோடு ஒப்பிட்டார். ஒரு ஹெக்டேரின் வருஷ விளைவின் மதிப்பு, குழுப் பண்ணைகளில் தனிப் பண்ணைகளைப்போல் 1.8 மடங்கு இருந்தது. ஒரு பண்ணைக்கு நின்ற நிகர லாபம் ஐந்து மடங்கு. தெலுங்கானாவில் அதே ஆராய்ச்சியில் குழுக்களின் விளைவு இவ்வளவு சிறப்பாக இல்லை. அங்கே பெண்கள் உழைக்கவில்லை என்பதல்ல. கேரளத்தில் கிடைத்த கடன் வசதியும் பஞ்சாயத்துக்களின் ஆதரவும் பயிற்சியும் அங்கே அந்த அளவில் வாய்க்கவில்லை. ஆகவே குழுவாகச் சேர்வதொன்றே மந்திரமாகாது. குழுவுக்குப் பின்னே ஒரு கடன் ஸ்தாபனம் நிற்கவேண்டும்.

இதற்கான ஏற்பாடு நம்மிடமும் உண்டு. விவசாய, கிராம அபிவிருத்தி தேசிய பாங்கான நபார்டு வகுத்துள்ள கூட்டுப்பொறுப்புக் குழு முறையில், 4 முதல் 10 பேர் வரை ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுச் சேர்ந்தால், நில ஈடில்லாமலே கடன் பெறலாம். வாய்மொழிக் குத்தகைதாரருக்கென்றே ஏற்பட்ட முறை இது. ரைபைஸன் கொள்கைதான் வேறு பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. குழுவைச் சேர்க்கும்போது சங்கத்தார் கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே நிலையிலுள்ள பெண்களாக இருத்தல் நன்று. ஒரே குடும்பத்து மாமியும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால், ஒரு வீட்டு நஷ்டம் இரண்டு பங்காகக் குழுவின் தலையில் விழும். ஆடவர் ஒருவர் தன் தேவைக்காக மனைவியின் பெயரால் குழு சேர்க்கிறாரா என்பதை, கடன் மனுவைப் பார்த்தல்ல, வயலுக்குப் போய் யார் தண்ணீர் கட்டுகிறார்கள் என்று பார்த்தே அறியவேண்டும்.

எழுத்து மூலமான குத்தகைச்சீட்டுக்கு நிலச் சொந்தக்காரர் அஞ்சுவது இன்னொரு தடை. 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் குத்தகைதாரரைக் காக்க ஏற்பட்டவை. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப்போகும் என்ற பயத்தில் அநேகர் வாயால் மாத்திரம் பேசிவிடுகிறார்கள். கேரளத்திலோ குத்தகையே 1970 முதல் சட்டப்படி விலக்கப்பட்டது. அப்படியிருந்தும் பஞ்சாயத்தார் நடுவிலிருந்து பேசி முடிப்பதால் பெண்கள் குழுக்களுக்கு நிலம் கிடைத்துவருகிறது. இங்கேயும் சங்கத் தலைவரோ பஞ்சாயத்துத் தலைவரோ நடுவில் நின்றால், ஒரு போகத்துக்கு அல்லது மூன்று வருஷத்துக்கென்று நிபந்தனை பேசிமுடிக்கலாம்.

அறுவடையான பின்னும் ஒரு படி இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடும் நெல்லுக்குரிய பணம் கையில் தரப்படுவதில்லை. நெல்லைப் பதிவு செய்தவரின் பாங்குக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பதிவுக்கு அடங்கல் நகல் காட்டவேண்டும். ஆகவே குழுப் பெண்கள், பயிர் நடும்போதே கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு, சாகுபடி செய்வோர் இன்னார் என்று தங்கள் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்கவேண்டும். பயிராய்வு முடிந்தபின் கேட்டால் அந்தப் போகத்துக்குக் காரியம் நடவாது. சம்பா நடவாயின் கார்த்திகைக்குள் இதை முடித்துக்கொண்டு, நகல் ஒன்றைச் சங்கத்துக் கடன் பைலிலும் மற்றொன்றைக் குழுவின் கணக்குப் புஸ்தகத்திலும் வைத்துக்கொள்வது நலம்.